தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு பேருந்துப் பயணம்

எஸ்தர் கண்ணு,

வாசலில் பந்தல்காரர்கள் மூங்கில் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். முருங்கை மரத்தில் ஒரு கிளைகூட வெட்டக்கூடாது என்று உன் அம்மா அவர்களோடு மல்லுக்கு நிற்கிறாள். அடுத்த வாரம் இந்நேரம் உன் கல்யாணம் முடிந்து, சாப்பாட்டுப் பந்தியில் யாருக்குப் பாயசம் வரவில்லை என்ற பஞ்சாயத்து நடந்துகொண்டிருக்கும். உன்னிடம் நேரில் பேசலாம் என்றுதான் நினைத்தேன். நீயோ கல்யாணத்துக்கு முதல் நாள்தான் வருவேன் என்கிறாய். வந்தாலும் உன்னைச் சுற்றிப் பெண்கள் கூட்டம் இருக்கும். அதோடு, எனக்குப் பேச வராது என்பது உனக்கே தெரியும். காலமெல்லாம் எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவன். பேசினால் சுற்றுக் கணக்குத் தப்பிவிடும் என்று வாயை மூடிப் பழகிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

பட்டுக்கோட்டைக்குச் சம்பந்தம் பேசப் போன அன்று நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா தேங்காய் மண்டி வைத்திருக்கிறவர், எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிறவர். உட்கார்ந்ததும் கேட்டார், "பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு சொன்னாங்க. டாக்டருங்களா?" இல்லீங்க என்றேன். "அப்ப நர்ஸு?" அதுவும் இல்லீங்க என்றேன். "சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்டுங்க" என்று நீ சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓ, சின்னப் பிள்ளைங்களுக்கு லைஃப் இன்சூரன்ஸா! நல்ல வேலைங்க, கமிஷன் வரும்." உன் அம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மருந்து கொடுக்கமாட்டாள், ஊசி போடமாட்டாள், ஊசி போடப்போகிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடக்கப்போகிறது என்று அதற்குப் புரிகிற மாதிரி சொல்லுவாள், விளையாட்டுக் காட்டிப் பழக்குவாள், பயத்தைத் தாண்ட வைப்பாள் என்று நான் தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவருக்குப் பிடிபடவில்லை. "அதுக்குப் பெத்தவங்க இருக்காங்களே?" என்றார். நியாயமான கேள்விதான். நானும் ஒருகாலத்தில் உன்னிடம் அதையே கேட்டவன். அதனால் அவருக்கு முகிலன் கதையைச் சொன்னேன். டீ ஆறிப்போயிற்று, அவர் எடுக்கவே இல்லை. அந்தக் கதை உனக்குத் தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் உன்னை அனுப்ப மனசு வரவில்லை.

நீ அமெரிக்காவில் படித்து, அங்கேயே ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் வேலையும் பார்த்துவிட்டு, தஞ்சாவூருக்கே வருகிறேன் என்று சொன்னபோது நம் தெருவே துக்கம் விசாரிக்க வந்தது. இந்தத் திருத்துறைப்பூண்டியில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். நடவுக்கு ஆள் கிடைக்காமல் வயலில் மெஷின் இறங்கிவிட்ட காலம். உன் பெரியப்பா என்னைத் தனியாக அழைத்துப் போய், "எல்லாப் பிள்ளையும் ஏர்போர்ட்டுக்குப் போவுது, உன் பிள்ளை மட்டும் ஏர்போர்ட்லேருந்து வருதா? என்ன நடந்துச்சு, மறைக்காம சொல்லு" என்றார். உள்ளேயிருந்து உன் அம்மாதான் பதில் சொன்னாள். "பிள்ளை வீட்டுக்கு வர்றதுக்குக் காரணம் வேணுமா மச்சான்? காபி சாப்பிடுங்க." பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்திய குரல் அது. பெரியப்பா காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நீ வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கடைக்குப் போன் செய்தாய். சம்பாவுக்குத் தண்ணீர் வராமல் எல்லோரும் போர்செட்டை நம்பி ஓட்டிக்கொண்டிருந்த சமயம், கடை முழுக்க எரிந்துபோன மோட்டார்கள். "அப்பா, எனக்கு ஒரு எம்.ஆர்.ஐ. மெஷின் செஞ்சு தர முடியுமா?" என்றாய். நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு நீ விவரம் சொன்னாய். கீழ்வேளூரிலிருந்து ஒரு பையன் வந்திருக்கிறான், ஏழு வயசு, பெயர் முகிலன். தீராத தலைவலி, நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறான். தலைக்குள் ஏதோ வளர்ந்திருக்கிறதா என்று டாக்டர்களுக்குச் சந்தேகம். ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். சும்மா ஒரு போட்டோ எடுக்கப்போகிறோம் என்று சொல்லிப் படுக்க வைத்திருக்கிறார்கள். மெஷின் சத்தம் போட ஆரம்பித்ததும் அவன் அலறிப் புடைத்துக்கொண்டு வெளியே வந்து, வராண்டா கடைசிவரை ஓடியிருக்கிறான். மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாம் என்றால் நெஞ்சில் சளி கட்டி இழுப்பு. இப்போதைக்கு மயக்கம் கொடுப்பது ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். சளி ஆறும்வரை காத்திருக்கலாம் என்றால் தலைக்குள் இருப்பது காத்திருக்குமா தெரியாது. "அவன் முழிச்சுக்கிட்டே ஆடாம படுக்கணும்ப்பா. அதுக்கு முன்னாடி விளையாட்டா படுத்துப் பழக ஒரு பொம்மை மெஷின் வேணும். அங்கேல்லாம் வார்டுலயே இருக்கும். இங்க நீங்கதான் இருக்கீங்க." அந்தக் கடைசி வார்த்தையை நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

மாடியில் கசிகிறது என்று ஒருவர் கழற்றிப் போட்டிருந்த கறுப்பு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்று கிடைத்தது. அதைப் படுக்கப்போட்டு இரண்டு முனையையும் அறுத்துத் திறந்துவிட்டேன். அறுத்த விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்க ரப்பர் குழாயைப் பிளந்து சுற்றிலும் செருகினேன். கறுப்பாக இருந்தால் பிள்ளை பயப்படுமே என்று பிளெக்ஸ் போர்டு கடையில் ஒரு பழைய பேனரை வாங்கி, வெள்ளைப் பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டினேன். மறுபக்கத்தில் யாரோ ஒரு குழந்தையின் காதணி விழாவுக்கு ஐம்பது தாய்மாமன்கள் கைகூப்பி நிற்கிறார்கள். இன்றுவரை அவர்கள் உங்கள் வார்டில்தான் இருக்கிறார்கள், யாருக்கும் தெரியாது. படுக்கைக்கு ஒரு பலகை, அது உள்ளே வழுக்கிப் போக மேஜை இழுப்பறைக்குப் போடுகிற சேனல். முகத்துக்கு மேல் ஒரு கூண்டு மாதிரி வைப்பார்கள் என்று சொன்னாயே, அதற்கு அம்மாவின் காய்கறிக் கூடை. கேட்காமல் அறுத்ததற்கு வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டாமா? நானே படுத்து உள்ளே போனேன். போவது சுலபமாக இருந்தது. திரும்பும்போது பலகை மட்டும் வெளியே வந்தது, நான் வரவில்லை. ஏழு வயசுப் பிள்ளைக்கு அளவெடுத்த தொட்டியில் என் தொப்பை வசமாக மாட்டிக்கொண்டது. உன் அம்மா ஒரு காலைப் பிடித்தாள், பக்கத்துக் கடை சைக்கிள்காரர் இன்னொரு காலைப் பிடித்தார். இழுக்கவேண்டிய நேரத்தில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்தால் கையில் பலம் போய்விடும். "மூச்ச உள்ள இழுங்க, மூச்ச இழுங்க" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கிடந்து நானும் சிரித்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் எஸ்தர், சிரிப்பதற்கு முன்னால், மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்த அந்த ஒரு கணம், எனக்கும் எழுந்து ஓடிவிடத்தான் தோன்றியது. அந்தப் பையன் ஏன் ஓடினான் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

அதனால்தான் சத்தம் விஷயத்தில் அப்படிச் செய்தேன். உண்மையான மெஷின் போடுகிற சத்தத்தை நீ போனில் பதிவு செய்து அனுப்பியிருந்தாய். கேட்கவே கொடூரமாக இருந்தது. சுத்தியல் அடிக்கிற மாதிரி, பிறகு லாரி ஹாரன் மாதிரி. மோட்டார் ஸ்டார்ட்டரில் டக்கென்று அடிக்கிற ரிலே ஒன்றை வைத்து அதே தாளத்தில் அடிக்க வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் அதற்கு மேல் ரெண்டு சாக்கை மடித்துக் கட்டினேன். மெல்ல 'டொக் டொக்' என்று கதவு தட்டுகிற மாதிரி வந்தது. குட்டி யானை என்று நாம் சொல்கிற அந்தச் சின்னச் சரக்கு வண்டியில் தொட்டியை ஏற்றிக் கட்டி, நானும் பின்னால் உட்கார்ந்து, மன்னார்குடி, வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் வந்தேன். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி என்ன இது என்று கேட்டார்கள். ராக்கெட் என்று சொல்லிவிட்டேன்.

நீ சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாய், விளிம்பைத் தடவிப் பார்த்தாய், என் தோளில் சாய்ந்துகொண்டாய். சுவிட்சைப் போட்டதும் உன் முகம் மாறியது. "அப்பா, இந்தச் சாக்க எடுத்துடுங்க."

"பயந்துடுவான்மா."

"பயப்படட்டும்ப்பா. இங்க பயந்தா நான் இருக்கேன், நீங்க இருக்கீங்க, சுவிட்ச அணைச்சுடலாம். இங்க சத்தம் கம்மியா இருந்து அங்க பெருசா இருந்தா, இந்த அக்காவும் பொய் சொல்லிட்டான்னு நினைப்பான். அப்புறம் அவன் யார நம்புவான்?"

நான் சாக்கை அவிழ்த்தேன். உன்னை வளர்த்த இத்தனை வருஷத்தில் எத்தனை சாக்கு கட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேதான் அவிழ்த்தேன்.

அன்று மத்தியானம் முகிலனின் அம்மா சுமதி உன்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "அவன்கிட்ட தலையப் பத்தி மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க மேடம், தாங்கமாட்டான்." கணவர் தோஹாவில் வெல்டர், இவள் ஒற்றை ஆளாகப் பையனைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு ஏற்கெனவே தெரியும்க்கா. நீங்க பாத்ரூம்ல போய் அழறதக் கேட்டிருக்கான். என்னன்னுதான் தெரியல. தெரியாததுதான் ரொம்பப் பயம்" என்றாய். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.

பையன் தொட்டிக்குப் பக்கத்திலேயே வரவில்லை. கதவோரம் நின்று, "இதுவும் போட்டோவா?" என்று கேட்டான். அந்த வயசுக்கு அவ்வளவு கசப்பான குரலை நான் கேட்டதில்லை. நீ தரையில் உட்கார்ந்துகொண்டாய். "இல்ல. அன்னிக்கு உன்கிட்ட சரியா சொல்லல. அது போட்டோ மாதிரி இல்ல, ரொம்ப சத்தம் போடும். உன்னத் தொடாது, வலிக்காது. ஆனா சத்தம் நெஜமாவே பெருசு. இந்தத் தாத்தாவே உள்ள மாட்டிக்கிட்டு முழிச்சாரு." என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாய். அவன் என் தொப்பையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. பிறகு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டான். "என் தலைக்குள்ள என்ன இருக்குக்கா?" ஒன்றும் இல்லை ராஜா என்று சொல்ல என் வாய் துடித்தது. "எங்க யாருக்கும் தெரியல முகில். அதப் பாக்கத்தான் இந்த மெஷின். தெரிஞ்சதும் உன்கிட்டயும் சொல்லுவோம்" என்றாய் நீ. அவன் அழுதுவிடுவான் என்று நினைத்தேன். அவன் பெருமூச்சு விட்டான். பெரிய மனுஷன் மாதிரி, சுமையை இறக்கி வைக்கிற மாதிரி ஒரு பெருமூச்சு. வந்து சுவிட்சை அவனே போட்டான். அவனே அணைத்தான். பத்துமுறை போட்டு அணைத்த பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறிப் படுத்தான்.

ஆனால் படுக்கிற பிள்ளை எவ்வளவு நேரம் ஆடாமல் கிடக்கும்? அதற்கு நீ கண்டுபிடித்த வழியைத்தான் நான் பட்டுக்கோட்டையில் எல்லோரும் கேட்க விரிவாகச் சொன்னேன். பையனுக்கு பஸ் என்றால் உயிர். பெரியவனானால் கண்டக்டர் ஆவானாம். நீ தோஹாவுக்குப் போன் செய்து, அவன் அப்பாவைக் கீழ்வேளூரிலிருந்து தஞ்சாவூர்வரை பஸ் ஓட்டச் சொன்னாய். போனிலேயே. அவர் தங்கியிருந்த அறையில் பட்டுக்கோட்டைக்காரர் ஒருவர், ஆந்திராக்காரர்கள் ரெண்டு பேர், எல்லோரும் சேர்ந்து அதைப் பதிவு செய்து அனுப்பினார்கள். இவர் விசில் ஊதி, "அடியக்கமங்கலம்லாம் எறங்கு! திருவாரூர் ஏறு, சீக்கிரம் ஏறு!" என்கிறார். பட்டுக்கோட்டைக்காரர் பெண்குரலில், "யோவ் கண்டக்டரு, கூடைக்குமா டிக்கெட்டு?" என்று சண்டை போடுகிறார். ஆந்திராக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது, அதனால் அவர்கள் ஆடு. கொரடாச்சேரி வரை ஆடு கத்திக்கொண்டே வருகிறது. நடுநடுவே அந்த அப்பா மெதுவாக, "முகிலு, ஆடாம உக்காந்து வா கண்ணு, அப்பா பின்னாடிதான் நிக்கிறேன்" என்கிறார். அதைக் கேட்டபோது சுமதி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ரெண்டும்தான் போல.

ஸ்கேன் அன்று நான் ஊருக்குப் போகாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சுமதியையும் உள்ளே பையனின் காலடியில் உட்காரவைக்க நீ அனுமதி வாங்கியிருந்தாய். மெஷினில் ஹெட்போன் வழியாகப் பதிவு ஓடியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டெக்னீஷியனோடு நீ. பெரிய சத்தம் ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன், வராண்டாவில் ஓடி வரப்போகிறான் என்று. வரவில்லை. கடைசியில் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் அவன், அவன் முகத்தில் இந்த உலகத்தையே ஜெயித்த களை. "தாத்தா, நீடாமங்கலத்துல மூக்கு அரிச்சிச்சு. அம்மாப்பேட்ட போய் சொறிஞ்சிக்கலாம்னு விட்டுட்டேன்!" டெக்னீஷியன் வந்து, இவ்வளவு தெளிவான படம் பெரியவர்களுக்கே வராது என்று சொல்லிவிட்டுப் போனார். வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளாமல் நான் விசில் அடித்தேன். வார்டு நர்ஸ் என்னை முறைத்தது உனக்கு ஞாபகம் இருக்கும்.

படத்தில் கட்டி இருந்தது. ஆனால் எடுத்துவிடக்கூடிய இடத்தில், பரவாத வகை. சொன்னபடி அவனிடமும் சொன்னாய். ஆபரேஷனுக்குச் சென்னைக்கு அனுப்பினீர்கள். அவன் அப்பா லீவு போட்டு நேரே அங்கே வந்து சேர்ந்தார். போன பொங்கலுக்கு மூவரும் கடைக்கு வந்தார்கள். பையன் நேராக நடக்கிறான். நேராக நடந்து போய் என் ஸ்டார்ட்டரில் கையை வைத்து ஷாக் வாங்கப் பார்த்தான். அவன் அம்மா அவனைத் திட்டிய திட்டு என் காதுக்கு இனிமையாக இருந்தது. சாதாரணப் பிள்ளையைத்தானே அப்படித் திட்டுவார்கள்!

இவ்வளவையும் கேட்டுவிட்டு உன் மாமனார் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். "இதுக்குப் பேரு என்னன்னு சொன்னீங்க?" என்று மறுபடி கேட்டு, ரெண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை என்பதும் எனக்குத் தெரியும் கண்ணு. போன வருஷம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாய். நீ ஊதிக்கொடுத்த சோப்பு நுரைக் குமிழியைக் கடைசிவரை கையால் பிடித்துக்கொண்டிருந்த சின்னப் பெண் அன்று காலையில் போய்விட்டாள் என்று பிறகுதான் சொன்னாய். அன்று அம்மா உன் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நீயும் ஒரு பூவை எடுத்து ஆய ஆரம்பித்தாய். இருட்டுவதற்குள் பேசிவிட்டாய். இனிமேல் அந்த நேரத்தில் உன் பக்கத்தில் வேறொருவர் உட்காரப்போகிறார். அவரிடமும் பேசு. நாளெல்லாம் பிள்ளைகளிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறவள், உனக்கு வலித்தால் வாய்விட்டுச் சொல். அவருக்காகச் சிரித்துச் சமாளிக்காதே. இதுதான் நான் சொல்ல நினைத்த ஒரே புத்திமதி.

முந்தாநாள் மாப்பிள்ளை டேனியல் கடைக்கு வந்திருந்தார், உனக்குத் தெரியாது. பத்திரிகை கொடுக்க வந்த மாதிரி வந்து, காயில் சுற்றுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "மாமா, அவங்க வேலையிலேருந்து வாடிப்போய் வந்தா நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டார். வேலையை விடச் சொல்லலாமா என்று கேட்கவில்லை, கவனித்தாயா? "பக்கத்துல உக்காருங்க. கையில ஏதாவது வேலை வச்சுக்குங்க. அவளே சொல்லுவா" என்றேன். "எனக்கு வாழைப்பூ ஆயத் தெரியாதே மாமா" என்றார். அந்தச் சனிக்கிழமையை நீயே அவரிடம் சொல்லியிருக்கிறாய்! எனக்கு அப்போதே பாதி பாரம் இறங்கிவிட்டது.

இன்னும் ஒரு விஷயம். போன ஞாயிறு ஆராதனை முடிந்து போதகரிடம் தனியாகப் போனேன். "பொண்ண அப்பா மட்டும்தான் கையைப் பிடிச்சுக் கூட்டியாரணும்னு சட்டம் இருக்குங்களா?" என்றேன். "அப்படி ஒண்ணும் இல்லையே. ஏன், முழங்கால் வலியா?" என்றார். "இல்லீங்க, வளத்தது ரெண்டு பேரு." அவர் சிரித்துவிட்டு, "மூணு பேராவே வாங்க. நடுப்பாதை கொஞ்சம் குறுகல், இடிச்சுக்காம வாங்க" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். உலை கொதிக்கிறது என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். பிடிக்கவில்லையோ என்று பயந்துவிட்டேன். சோறு வடித்துவிட்டு வெளியே வந்து கேட்டாள், "அப்ப நான் எந்தப் பக்கம் வரணும்? வலது பக்கமா, இடது பக்கமா?"

பந்தல்காரர்கள் போய்விட்டார்கள். முருங்கை தப்பித்துவிட்டது. உன் அம்மா கூடத்தில் புதுப் பட்டுப்புடவையைச் சும்மா மேலே போர்த்திக்கொண்டு, அலமாரியிலிருந்து ஜன்னல்வரை நிதானமாக நடந்து பழகிக்கொண்டிருக்கிறாள். நான் பார்க்காத மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன்,
அப்பா